பெருக்கல் விருத்தியில் உறுப்பைத் தேட எந்த வழி லேசு?

ஒவ்வோர் உறுப்பையும் ஒரே எண்ணால் பெருக்க அடுத்த உறுப்பு வருகிற வரிசைதான் பெருக்கல் விருத்தி, அந்த எண்தான் பொது விகிதம். அதில் ஓர் உறுப்பைக் காண என்ன வழி என்று தரம் 11 பிள்ளை ஒன்றைக் கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும், சூத்திரம். முதலுறுப்பை எடு, உறுப்பெண்ணில் ஒன்றைக் கழி, பொது விகிதத்தை அந்த வலுவுக்கு உயர்த்து, இரண்டையும் பெருக்கு. மட்டக்களப்பு டவுனிலும் சரி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களிலும் சரி, ரியூசன் வகுப்பில் பலகையில் முதலில் ஏறுவது அதுதான், பிள்ளைகளும் அதைச் சுற்றிப் பெட்டி கீறி எழுதிக்கொண்டு போவார்கள். சூத்திரத்தில் ஒரு குறையும் இல்லை. எல்லாக் கணக்குக்கும் அதையே பிடித்துக்கொண்டு தொங்குவதில்தான் குறை, ஏனென்றால் அதே விடைக்குப் போக நாலைந்து பாதைகள் இருக்கின்றன, சில கணக்குகள் அவற்றில் பாதி வேலையில் முடிந்துவிடும், ஓ எல் பரீட்சையில் கல்குலேட்டரும் விடமாட்டார்கள் என்பதால் அந்தப் பாதி வேலை சின்ன விஷயம் இல்லை.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன கேட்கிறார்கள் என்பதைவிட என்ன தந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் வழியைத் தெரிய வேண்டும். முதலுறுப்பைத் தந்தால் ஒரு வழி, நடுவில் இரண்டு உறுப்பைத் தந்தால் வேறு வழி, ஓர் எண்ணைத் தந்து இது எத்தனையாவது என்று கேட்டால் இன்னொரு வழி.

அதற்கு முன்னால் ஒன்று. அது பெருக்கல் விருத்திதானா?

10,000 ரூபாய் கடன், மாதம் 5 வீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் 10,500 ஆகிறது. அடுத்த மாதம் 11,000 என்றால் அது கூட்டல் விருத்தி, மாதாமாதம் அதே 500தான் ஏறுகிறது. 11,025 என்றால் வட்டிக்கும் வட்டி போடுகிறார்கள், அது பெருக்கல் விருத்தி, பொது விகிதம் 1.05. முதல் இரண்டு எண்களும் இரண்டிலும் ஒன்றுதான், மூன்றாவதைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லவே முடியாது. பன்னிரண்டு மாதம் ஒன்றும் கட்டாமல் விட்டால் முதலாவது கடன் 16,000 ரூபாய், இரண்டாவது 17,958 ரூபாய் 56 சதம். "மாசம் அஞ்சுதானே, வருசத்துக்கு அறுபது" என்று வாசலில் வந்து சொல்கிறவரிடம் எந்த விருத்தி என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவது புத்தி.

இதே கணக்கில் இன்னொரு பொறியும் இருக்கிறது. 10,000 என்பது முதலாம் உறுப்பு என்றால் பன்னிரண்டு மாதம் கழித்து வருவது பதின்மூன்றாம் உறுப்பு, வலு 12. "ஒன்றைக் கழி" என்பதைப் பாடமாக்கிய பிள்ளை 12 இலிருந்து ஒன்றைக் கழித்து 11 ஆம் வலுவைப் போட்டுவிடும். வட்டி, தேய்மானம், சனத்தொகை மாதிரிக் கணக்கு வந்தால் உறுப்பெண்ணை மறந்துவிட்டு எத்தனை தடவை பெருக்கப்படுகிறது என்று எண்ணுங்கள், அந்த எண்தான் வலு. சூத்திரம் சொல்வதும் இதைத்தான், ஆறாம் உறுப்புக்குப் போக ஐந்து தடவை பெருக்க வேண்டும் என்பதால்தான் அந்த ஒன்று கழிகிறது.

வரிசையாக எழுதுவதா, சூத்திரமா?

3, 6, 12, … என்ற விருத்தியின் ஆறாம் உறுப்பு. வரிசையாக எழுதினால் 3, 6, 12, 24, 48, 96. சூத்திரத்தில் 3 × 2⁵ = 3 × 32 = 96. இரண்டுக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான், இந்த மாதிரிச் சின்னக் கணக்கில் நான் வரிசையின் பக்கம். ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே 1, 2, 3 என்று இலக்கம் போட்டுக்கொண்டு போனால் எண்ணிக்கை தப்பவே தப்பாது. படிமுறைக்குப் புள்ளி உண்டு என்பதால் பரீட்சையில் சூத்திரத்தையும் ஒரு வரியில் எழுதிவிட்டு, வரிசையைப் பக்கத்தில் செய்கைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏழாம் எட்டாம் உறுப்புக்கு மேலே போனால் வரிசை இளைக்கத் தொடங்கும். அதைவிட முக்கியமாக, விகிதம் பின்னமாக இருந்தால் எந்த வழியில் போனாலும் தசமத்துக்கு மாற்றாதீர்கள். 81, 54, 36, … இன் ஆறாம் உறுப்பைப் பாருங்கள். விகிதம் 2/3. அதை 0.67 என்று எழுதிக்கொண்டு சூத்திரத்தில் போட்டால் 10.94 அளவில் ஏதோ வரும், உண்மையான விடை 32/3, அதாவது 10.67 அளவு. இங்கே சூத்திரம் அழகாக வேலை செய்யும், ஆனால் 81 ஐ 3⁴ என்று எழுதினால்தான்: 3⁴ × 2⁵ ÷ 3⁵, மூன்றுகள் வெட்டுப்பட்டு 2⁵ ÷ 3 மிஞ்சும். பெருக்கிப் பெருக்கிப் பெரிய எண் ஆக்கிவிட்டு அப்புறம் வகுக்கிற பழக்கம்தான் பிள்ளைகளுடைய நேரத்தைத் தின்கிறது. கடைசி வரி வரைக்கும் வலுவாகவே வைத்திருங்கள், பெருக்குவது கடைசியில்.

நடுவில் இரண்டு உறுப்பைத் தந்தால்

மூன்றாம் உறுப்பு 36, ஆறாம் உறுப்பு 972, எட்டாம் உறுப்பைக் காண்க. வினாத்தாள்களில் அடிக்கடி வருகிற வடிவம் இது, வழிகளுக்கிடையில் உண்மையான வித்தியாசம் தெரிவதும் இங்கேதான்.

வழமையான வழி: முதலுறுப்பு × விகிதம்² = 36, முதலுறுப்பு × விகிதம்⁵ = 972 என்று இரண்டு சமன்பாடு எழுதுவது. சில பிள்ளைகள் முதலாவதிலிருந்து முதலுறுப்பை 36 ÷ விகிதம்² என்று எடுத்து இரண்டாவதில் பிரதியிடுவார்கள். அது பிழையில்லை, சுற்று. இரண்டாவதை முதலாவதால் வகுத்துவிட்டால் முதலுறுப்பு தானாக வெட்டுப்பட்டு விகிதம்³ = 27 என்று நிற்கும், விகிதம் 3. பிரதியீடா வகுத்தலா என்று கேட்டால் யோசிக்கவே தேவையில்லை, வகுத்தல். கூட்டல் விருத்தியில் இதே இடத்தில் ஒரு சமன்பாட்டிலிருந்து மற்றதைக் கழித்துப் பழகியவர்கள் இங்கேயும் கழிக்கப் பார்ப்பார்கள், கழித்தால் ஒன்றும் வெட்டுப்படாது.

விகிதம் வந்தாயிற்று. இனி என்ன? பெரும்பாலானவர்கள் முதலாம் உறுப்புக்குத் திரும்பிப் போவார்கள்: 36 ÷ 9 = 4, பிறகு 4 × 3⁷ = 4 × 2187 = 8748. கல்முனையில் நிற்கிற ஆள் அக்கரைப்பற்றுக்குப் போக மட்டக்களப்புக்குத் திரும்பி வந்து பஸ் ஏறுகிற மாதிரி. ஆறாம் உறுப்பு கையில் இருக்கிறது, எட்டுக்கு இன்னும் இரண்டு படிதான், 972 × 9 = 8748, முடிந்தது. 2187 ஐ நினைவில் தேடவும் வேண்டாம், 3 இன் ஏழாம் வலுவைப் பெருக்கிப் பிழை விடவும் வேண்டாம். "முதலுறுப்பையும் பொது விகிதத்தையும் காண்க" என்று முதல் பகுதியிலேயே கேட்டிருந்தால் அதை எழுதித்தான் ஆக வேண்டும், அது புள்ளிக்குரிய வேலை. கேட்காவிட்டால் கிட்ட நிற்கிற உறுப்பிலிருந்து பாயுங்கள்.

பாய்ச்சலுக்கு இன்னொரு நன்மை இருக்கிறது, இதைப் பலர் சொல்லிக்கொடுப்பதில்லை. இரண்டாம் உறுப்பு 6, நான்காம் உறுப்பு 54 என்று தருகிறார்கள். வகுத்தால் விகிதம்² = 9. விகிதம் 3 ஆகவும் இருக்கலாம், −3 ஆகவும் இருக்கலாம். முதலுறுப்பு 2 அல்லது −2. அதாவது 2, 6, 18, 54 என்றும் ஒரு விருத்தி இருக்கிறது, −2, 6, −18, 54 என்றும் ஒரு விருத்தி இருக்கிறது, இரண்டும் தந்த தகவலுக்குப் பொருந்தும். "உறுப்புகள் யாவும் நேர் எண்கள்" என்று வினாவில் சொல்லியிருந்தால் தப்பினோம், சொல்லாவிட்டால் இரண்டையும் எழுத வேண்டும், மறைப்பெறுமானத்தை விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். இப்போது ஆறாம் உறுப்பைக் கேட்டால்? முதலாம் உறுப்புக்குப் போய் வருகிறவர் இரண்டு விருத்தியையும் தனித்தனியாகச் செய்து, 2 × 243 உம் 486, (−2) × (−243) உம் 486 என்று பார்த்துவிட்டு மூச்சு விடுவார். பாய்கிறவருக்கு அந்தக் குழப்பமே இல்லை, நான்கிலிருந்து ஆறுக்கு இரண்டு படி, 54 × 9 = 486, குறி எதுவானாலும் விடை அதுதான். ஐந்தாம் உறுப்பைக் கேட்டால் மட்டும் 162 உம் −162 உம் என்று இரண்டு விடை. இரட்டை இரட்டையாகப் பாய்கிற வரைக்கும் குறி தொந்தரவு தராது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விகிதத்தையே தெரிந்துகொள்ளத் தேவையில்லாத கணக்கும் உண்டு. போட்டோகொப்பிக் கடையில் ஏ4 தாளை ஏ3 ஆகப் பெருப்பிக்க 141 வீதம் என்று அழுத்துவார்களே, அது √2 இன் வேலை. ஏ4 இன் நீளம் 297 மில்லிமீற்றர், ஏ3 இன் நீளம் 420, ஏ2 இன் நீளம் 594. ஒவ்வொரு படிக்கும் √2, இரண்டு படிக்கு ஒருதரம் சரியாக 2. ஏ0 இன் நீளம் வேண்டுமென்றால் 1.41 ஐ நாலு தடவை பெருக்கிக்கொண்டிருக்காமல் 297 × 4 = 1188 என்று போடலாம், அச்சிட்ட அளவு 1189, அந்த ஒரு மில்லிமீற்றர் முழு எண்ணுக்கு மட்டந்தட்டியதால் வந்தது.

மூன்று அடுத்தடுத்த உறுப்புகளின் பெருக்கம் 216, கூட்டுத்தொகை 26 என்று வருகிற ரகக் கணக்குக்கும் இதே புத்திதான். முதலுறுப்பிலிருந்து தொடங்கினால் சமன்பாடு மலையாகும். நடு உறுப்பைத் தெரியாக்கணியமாக எடுங்கள், இடப்பக்கம் அதை விகிதத்தால் வகுத்தது, வலப்பக்கம் பெருக்கியது, மூன்றையும் பெருக்கினால் விகிதம் வெட்டுப்பட்டு நடு உறுப்பின் கனம் 216 என்று நிற்கும். நடு உறுப்பு 6. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை 20, பெருக்கம் 36, ஆகவே 2 உம் 18 உம்.

பின்பக்கமிருந்து வருவது இன்னும் லேசு, ஆனால் யாருக்கும் தோன்றுவதில்லை. நம்ம வாவியோரம் ஆற்றுவாழை படருவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு குளத்தில் அது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது, இருபதாம் வாரம் குளம் முழுக்க மூடிவிட்டது என்று கணக்குக்காக வைப்போம். கால்வாசி மூடியிருந்தது எப்போது? தொடக்கத்தில் எத்தனை செடி என்று தேடாமல் கடைசியிலிருந்து இரண்டு தடவை பாதியாக்கினால் பதினாறாம் வாரம்.

எத்தனையாவது உறுப்பு?

2, 6, 18, … என்ற விருத்தியில் 4374 எத்தனையாவது உறுப்பு? இதற்கு மூன்று வழி போட்டி போடுகிறது: வரிசையாக எழுதிக்கொண்டே போவது, காரணிப்படுத்துவது, மடக்கை (எண்ணை 10 இன் வலுவாக்கிப் பெருக்கலைக் கூட்டலாக மாற்றுவது). என் தெரிவு காரணிப்படுத்தல். முதலில் முதலுறுப்பால் வகுத்துவிடுங்கள், 4374 ÷ 2 = 2187. பிறகு 3 ஆல் வகுபடும் வரைக்கும் வகுங்கள்: 729, 243, 81, 27, 9, 3, 1. ஏழு தடவை. ஏழு பெருக்கல் என்றால் எட்டாம் உறுப்பு.

முதலுறுப்பால் வகுக்காமல் 4374 ஐயே 3 இன் வலுவாக எழுதப் பார்க்கிறவர்களும், 2 ஐயும் 3 ஐயும் பெருக்கி 6 இன் வலு ஆக்கிவிடுகிறவர்களும் இந்த இடத்தில்தான் விழுவார்கள். 2 × 3⁷ என்பதை 6⁷ என்று எழுதிய விடைத்தாளைத் திருத்தாத ஆசிரியர் இந்த மாவட்டத்தில் இருக்கமாட்டார்.

"1000 இந்த விருத்தியின் உறுப்பா?" என்று கேட்டால் காரணிப்படுத்தல் இன்னும் வேகம். 1000 ÷ 2 = 500, இலக்கங்களின் கூட்டுத்தொகை 5, மூன்றால் வகுபடாது, ஆகவே இல்லை. ஒரு வரி. மாறாக "10,000 ஐ விடப் பெரிய முதல் உறுப்பு எது?" என்பதற்குக் காரணி உதவாது, வரிசைதான், எட்டாவது 4374 என்று ஏற்கெனவே தெரிந்தால் அடுத்தது 13,122, ஒன்பதாம் உறுப்பு.

பெரிய வலு வந்தால்

5, 15, 45, … இன் பத்தாம் உறுப்பு 5 × 3⁹. ஒன்பதாம் வலுவை ஒவ்வொரு மூன்றாகப் பெருக்கலாம். அல்லது வர்க்கித்துக்கொண்டே போகலாம்: 3² = 9, 3⁴ = 81, 3⁸ = 81 × 81 = 6561, இன்னொரு மூன்றால் பெருக்கினால் 19,683, ஐந்தால் பெருக்கினால் 98,415. பத்துக்கு இதில் இலாபம் கொஞ்சம்தான், முப்பதுக்கு நாற்பதுக்குப் போனால் தலைகீழ் வித்தியாசம். இது பழைய உத்தி. செய்யுள் அடிகளில் குறில் நெடில் எத்தனை விதமாக வரலாம் என்று எண்ணப்போன பண்டைய இந்திய யாப்பு அறிஞர் பிங்கலர் 2 இன் வலுவைக் காண இப்படித்தான் பாதியாக்குவதும் வர்க்கிப்பதுமாக விதி சொன்னார். முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்தடுத்த கட்டங்களில் இரட்டிப்பு என்று போகிற சதுரங்கப் பலகைத் தானியக் கணக்கை 1000 ஆம் ஆண்டளவில் அறிஞர் அல்பெரூனி செய்ததும் வர்க்கித்துத்தான்: 2, 4, 16, 256, 65,536, 4,294,967,296, இன்னொரு வர்க்கத்தில் 2⁶⁴. அறுபத்து மூன்று பெருக்கலுக்குப் பதிலாக ஆறு.

விகிதம் 1.08 மாதிரி அழகில்லாத எண்ணாக இருந்தால் மடக்கை அட்டவணையை எடுக்கத் தோன்றும். நேப்பியர் 1614 இல் மடக்கையை வெளியிட்டதே இப்படிப்பட்ட பெருக்கல்களிலிருந்து தப்புவதற்குத்தான். 100,000 ரூபாயை 8 வீதக் கூட்டு வட்டிக்கு ஐந்து வருசம் போடுகிறோம். 1.08 இன் மடக்கை 0.0334, ஐந்தால் பெருக்க 0.1670, முரண்மடக்கை (மடக்கையிலிருந்து எண்ணுக்குத் திரும்புவது) 1.469, விடை 146,900. உண்மையான தொகை 146,932 ரூபாய் 81 சதம். முப்பத்திரண்டு ரூபாய் சொச்சம் வித்தியாசம், பரீட்சைக்குப் பரவாயில்லை. இருபது வருசத்துக்குப் போட்டால் 0.0334 × 20 = 0.6680, முரண்மடக்கை 4.656, விடை 465,600, உண்மையில் 466,095 ரூபாய் 71 சதம், வித்தியாசம் ஐந்நூறை நெருங்குகிறது. மடக்கையின் நான்காம் தசமத்தில் விட்ட சின்னப் பிழையையும் சேர்த்து இருபதால் பெருக்குகிறோம், அதுதான் காரணம். ஆகவே ஐந்து வருசத்துக்குள் என்றால் நான் கையால் வர்க்கித்துவிடுவேன், அதற்கு மேலே என்றால் மடக்கை, "எத்தனை வருசத்தில் இரட்டிக்கும்?" என்றால் கண்ணை மூடிக்கொண்டு மடக்கை: 2 இன் மடக்கையை 1.08 இன் மடக்கையால் வகுக்க, 0.3010 ÷ 0.0334, ஒன்பது வருசம் அளவு.

ஒன்றைவிடச் சிறிய விகிதத்துக்கு மட்டும் மடக்கையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஓர் ஓட்டோவின் பெறுமதி வருசத்துக்கு 10 வீதம் குறைகிறது என்ற வழமையான கணக்கில் (2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய ஓட்டோவின் விலை மேலே போனது வேறு கதை) 0.9 இன் மடக்கை, தலையில் கோடு போட்ட 1 உம் அதற்குப் பின்னால் .9542 உம். இதை ஐந்தால் பெருக்கும்போது கோடு போட்டதை வேறாகவும் மிச்சத்தை வேறாகவும் பெருக்கிக் கூட்ட வேண்டும், பிள்ளைகள் குழம்புகிற இடம் அதுதான். 0.9² = 0.81, 0.81² = 0.6561, இன்னொரு 0.9 ஆல் பெருக்க 0.59049. கையாலேயே ஒரு நிமிடம்.

மெஷினை நம்பலாமா?

வீட்டில் விடை சரிபார்க்க போன் இருக்கிறது. 5 ஐ அழுத்தி, 3 ஆல் பெருக்கச் சொல்லி, அப்புறம் சமன் குறியைத் திரும்பத் திரும்பத் தட்டினால் பல கல்குலேட்டர்களில் உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும், எத்தனை தடவை தட்டினோம் என்பதுதான் வலு. எக்ஸெலில் முதல் பெட்டியில் ஓர் எண், அடுத்த பெட்டியில் மேலே உள்ளதை மூன்றால் பெருக்கச் சொல்லிக் கீழே இழுத்துவிட்டால் நூறு உறுப்பும் ஒரு கணத்தில். வட்டிக்கணக்கு, தவணைக்கணக்கு எல்லாவற்றுக்கும் நிஜ வாழ்க்கையில் இதுதான் வழி, இதில் எனக்கு ஒரு பிடிவாதமும் இல்லை.

ஆனால் எக்ஸெல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்திருக்காது. சதுரங்கப் பலகையின் 64 ஆம் கட்டத்து உறுப்பைக் கேட்டால் 9,223,372,036,854,780,000 என்று காட்டும். 2 இன் வலுக்களின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று நாலுக்கு ஒருதரம் சுற்றி வரும், 0 இல் முடியவே முடியாது. 63 ஐ நாலால் வகுத்தால் மிச்சம் 3, ஆகவே கடைசி இலக்கம் 8 ஆக இருக்க வேண்டும். வர்க்கித்துக் கையால் செய்தால் வருவது 9,223,372,036,854,775,808.